இல்லாத கேசினோவின் சில்லு: அசலா, போலியா என்று பார்ப்பது எப்படி?

“தொலைக்காட்சித் தொடரில் பயன்படுத்திய கேசினோ சிப். அசல். சான்றிதழ் உண்டு. விலை 350 வெள்ளி, அஞ்சல் செலவு தனி.”

முகநூலிலோ இணையச் சந்தையிலோ இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் வட்டமான, பல நிறம் கொண்ட ஒரு சில்லு. நடுவில், நீங்கள் விரும்பிப் பார்த்த தொடரில் வரும் கேசினோவின் பெயர். பக்கத்தில் பொன்னிற முத்திரை ஒட்டிய சான்றிதழ். வேலைக்குப் போகும் இளைஞருக்கு 350 வெள்ளி கொடுக்க முடியாத தொகை அல்ல. ஆனால் வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டுகிறவருக்கு அது சும்மா விட்டுவிடக் கூடிய தொகையும் அல்ல. அந்தச் சில்லு சொல்லப்பட்டபடி அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாணயமும் அஞ்சல்தலையும் சேர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. இப்போது படங்களிலும் தொடர்களிலும் வந்த பொருள்களைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சில்லு கைக்கு அடக்கமானது. கடித உறையில் வந்துவிடும். அதனால் விற்பதும் எளிது, போலியாகச் செய்வதும் எளிது. இதைச் சோதிக்கும் முறையை அறிந்துகொண்டால், ஒரு கதையைச் சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளையும் அதே முறையில் சோதிக்கலாம்.

சில்லின் மதிப்பு எங்கே இருக்கிறது?

மலேசியாவில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2010 முதல் இரண்டு இயங்குகின்றன. மலைக்குப் போனாலும் தீம் பார்க்கைச் சுற்றிவிட்டு இறங்கிவிடும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஆகவே சில்லு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கேசினோவில் மேசை ஆட்டத்துக்கு உட்காருகிறவர் பணத்தைக் கொடுத்துச் சில்லுகளை வாங்குகிறார். அவற்றை வைத்துத்தான் பந்தயம் கட்டுகிறார். வெளியேறும்போது மீதமுள்ள சில்லுகளைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இதை சிப் என்கிறார்கள். தமிழில் சில்லு என்று சொல்வது நன்றாகவே பொருந்துகிறது. சிறு வயதில் நொண்டி ஆடுவதற்குப் பொறுக்கிய ஓட்டுச் சில்லும் இதுவும் பார்க்க ஒரே இனம்தான்.

கோயில் திருவிழாவில் கொடுக்கும் உணவு டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயிலில், அந்த நாளில் மட்டுமே அதற்கு மதிப்பு. மறுநாள் அது வெறும் அட்டை. கேசினோ சில்லும் அப்படித்தான். அதை வெளியிட்ட கேசினோ “இதற்கு நான் பணம் தருகிறேன்” என்று பின்னால் நிற்கும் வரைதான் அது பணம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2010 டிசம்பர் 14-ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பெலாஜியோ கேசினோவுக்குள் தலைக்கவசத்துடன் புகுந்த ஒருவன், துப்பாக்கி முனையில் ஏறக்குறைய 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தப்பினான். கேசினோ என்ன செய்தது? தன்னுடைய 25,000 டாலர் சில்லுகளை நிறுத்திக்கொள்வதாகவும், அவற்றை வைத்திருப்பவர்கள் 2011 ஏப்ரல் 22-ஆம் தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவித்தது. பெரிய தொகைச் சில்லைக் கொண்டுவருகிறவர் அது தன் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். கெடு வருவதற்கு முன்பே, சில்லுகளை விற்க முயன்றபோது, வாங்குபவர் வேடத்தில் வந்த காவல் துறையினரிடம் அவன் சிக்கினான். ஒரே அறிவிப்பில் கொள்ளைப் பொருள் கைக்குச் சுமையாகிவிட்டது.

உண்மையான கேசினோவின் சில்லுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. எந்தக் கேசினோ, எந்த ஆண்டு வெளியிட்டது, யார் தயாரித்தார்கள் என்ற தகவல்கள் கிடைக்கும. நெவாடா மாநிலத்தில் பழைய சில்லுகளைத் திரும்பப் பெறுவதற்கும் அழிப்பதற்கும்கூட விதிமுறைகள் உண்டு. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சில்லு சேகரிப்பாளர் சங்கமும் இயங்கிவருகிறது. உண்மைச் சில்லுகளுக்கு அச்சிட்ட விலைப் பட்டியல்கள் உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று கிடைக்கும்.

தொலைக்காட்சித் தொடரில் வரும் சில்லுக்கு இவை எதுவும் கிடையாது. ஏனென்றால் அந்தக் கேசினோவே கிடையாது.

கற்பனைக் கேசினோ

அமெரிக்காவின் என்பிசி ஒளியலையில் 2003 முதல் 2008 வரை ஓடிய “லாஸ் வேகாஸ்” தொடரை இங்கேயும் பார்த்தவர்கள் இருக்கலாம். ஜேம்ஸ் கான் நடித்தது. கதை நடக்கும் இடம் மான்டெசிட்டோ என்ற ஹோட்டல் கேசினோ. அப்படி ஒரு கேசினோ லாஸ் வேகாஸில் இல்லை. அரங்கம் அமைத்துத்தான் படம் பிடித்தார்கள். மான்டெசிட்டோ பெயர் போட்ட ஒரு சில்லை எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் முழுவதும் அலைந்தாலும் ஒரு காசுகூடக் கிடைக்காது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் காசாளர் யாரும் இல்லை.

ஏன் இல்லாத பெயரைப் போடுகிறார்கள்? உண்மைக் கேசினோவின் சில்லைப் போலவே செய்தால் அது கள்ளப் பணத்துக்குச் சமம். நெவாடா சட்டப்படி போலிச் சில்லு செய்வதும் அதை ஆட்டத்தில் பயன்படுத்துவதும் குற்றம். படப்பிடிப்புக்காகச் செய்த பொருள் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு “ரஷ் ஹவர் 2” படம் சாட்சி. 2001-இல் வெளியான அந்தப் படத்தில் லாஸ் வேகாஸில் எடுத்த வெடிவிபத்துக் காட்சிக்காகப் பெருந்தொகைப் போலி டாலர்கள் அச்சடிக்கப்பட்டன. அவற்றில் சில வெளியே போய்க் கடைகளில் செலவழிக்கப்பட்டன. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் தலையிட்டது. தயாரித்த நிறுவனம் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. ஆகவே தொடர் எடுக்கிறவர்கள், உண்மைச் சில்லோடு குழம்பிவிடாத ஒன்றைச் செய்துகொள்வது பாதுகாப்பானது.

இதிலிருந்துதான் நம்முடைய சிக்கல் தொடங்குகிறது. உண்மைக் கேசினோவின் சில்லில் பொருளையே சோதிக்கலாம். கற்பனைக் கேசினோவின் சில்லில், “இது படப்பிடிப்பில் இருந்தது” என்ற கதைக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். சோதிக்க வேண்டியதும் அந்தக் கதையைத்தான்.

போக்கர் மேசையில் வந்த வழக்கு

பெரிய ஏல நிறுவனத்திடம் வாங்கினால் கவலையே இல்லையா? 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான “ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்” தொடரில் விண்கல அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் போக்கர் சீட்டு ஆடுவார்கள். தொடரின் கடைசிக் காட்சியே அந்தப் போக்கர் மேசையில்தான் முடியும். டேட்டா என்ற இயந்திர மனிதன், ஆட்டத்தின்போது நெற்றியில் ஒரு கண்மறைப்பு அணிந்திருப்பான். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பிரென்ட் ஸ்பைனர்.

2006 அக்டோபரில் ஸ்டார் டிரெக்கின் 40 ஆண்டு நிறைவையொட்டி, தயாரிப்பு நிறுவனத்தின் கிடங்கில் இருந்த பொருள்களை கிறிஸ்டிஸ் நிறுவனம் நியூயார்க்கில் ஏலம் விட்டது. ரசிகர் ஒருவர் அந்தக் கண்மறைப்பு, டேட்டாவின் சீருடை, போக்கர் மேசை ஆகியவற்றை ஏறக்குறைய 24,000 டாலருக்கு வாங்கினார். கண்மறைப்பு மட்டும் 6,000 டாலர். பின்னர் ரசிகர் கூட்டம் ஒன்றில் அதில் கையெழுத்து வாங்க நடிகரிடம் நீட்டினார். “இது நான் அணிந்தது அல்ல, அசலை நானே முன்பு விற்றுவிட்டேன்” என்ற பொருளில் நடிகர் சொன்னதாக அந்த ரசிகர் கூறினார். 2007 இறுதியில் ஏல நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஏல நிறுவனமோ தான் விற்ற பொருள்கள் அசலே என்ற நிலையில் நின்றது.

யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய பாடம் வேறு. படப்பிடிப்பில் ஒரு பொருளை ஒன்று மட்டும் செய்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். உடைந்தால், தொலைந்தால், இரண்டு இடங்களில் ஒரே நாளில் படம் பிடித்தால் தேவைப்படும் என்று மாற்றுப் பிரதிகளும் செய்வார்கள். கிடங்கில் கிடந்ததும் அசல்தான், நடிகர் அணிந்ததும் அசல்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. “அசல்” என்ற ஒரே சொல் இவ்வளவையும் மூடிவிடுகிறது.

மூன்று சொற்கள், மூன்று விலை

சேகரிப்பாளர்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மூன்று நிலைகளைப் பிரித்துப் பேசுகிறார்கள்.

முதலாவது, தயாரிப்புக்காகச் செய்யப்பட்டது. தொடரின் கலைப் பிரிவு இதைச் செய்தது அல்லது செய்யச் சொல்லி வாங்கியது. படப்பிடிப்பு அரங்கத்தில் இருந்திருக்கலாம், பெட்டியைவிட்டு வெளியே வராமலும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, திரையில் பயன்படுத்தப்பட்டது. கேமரா ஓடும்போது மேசையில் இருந்தது.

மூன்றாவது, திரையோடு பொருத்திக் காட்டப்பட்டது. இந்த அத்தியாயத்தில், இந்தக் காட்சியில் தெரியும் சில்லு இதேதான் என்று கீறல், கறை போன்ற தனி அடையாளத்தைக் கொண்டு நிரூபிக்கப்பட்டது.

இவை தவிர இன்னும் மூன்று வகைகள் சந்தையில் சுற்றுகின்றன. தொடரின் விளம்பரத்துக்காகச் செய்து கொடுத்தவை, ரசிகர்கள் தங்கள் ஆசைக்குச் செய்துகொண்ட நகல்கள், ஏமாற்றுவதற்கென்றே செய்தவை. நகல் செய்வது எல்லா நேரத்திலும் குற்றமல்ல. நகல் என்று சொல்லி விற்கும் வரை அது நேர்மையான வணிகம். மூன்றாவது நான்காவது கைக்கு மாறும்போது “நகல்” என்ற சொல் உதிர்ந்துவிடுவதுதான் ஆபத்து. விற்பவரே ஏமாந்தவராகவும் இருக்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பொருளைப் பார்ப்பதால் பயனே இல்லை என்பதல்ல. பொருளைக் கொண்டு கதையைப் பொய்யாக்க முடியும். மெய்யாக்குவதுதான் கடினம்.

அமெரிக்கக் கேசினோக்களின் வழக்கமான சில்லு 39 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. எடை பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம் வரை. களிமண் சில்லு என்று சொன்னாலும் அது பானை செய்யும் களிமண் அல்ல. கனிமத் தூள்களைப் பிசினோடு கலந்து, சூடான அச்சில் பெரும் அழுத்தம் கொடுத்துச் செய்வது. ஓரத்தில் தெரியும் வேற்று நிறப் பட்டைகள் பூசிய வண்ணம் அல்ல. அந்த நிறத் துண்டையே வெட்டிப் பதித்து அழுத்தியவை. நடுவில் உள்ள அச்சிட்ட வட்டமும் சேர்ந்தே அழுத்தப்படுவதால், விரலால் தடவினால் அதன் விளிம்பு தட்டுப்படாது.

கடைகளில் பெட்டியாகக் கிடைக்கும் வீட்டு உபயோகச் சில்லுகள் வேறு. பிளாஸ்டிக் உடலுக்குள் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். 11.5 கிராம் எடை வழக்கம். காந்தம் வைத்தால் பல ஒட்டும். நடுவில் இருப்பது ஒட்டுத்தாள், நகத்தால் நெருடினால் ஓரம் தட்டுப்படும்.

அப்படியானால் காந்தம் ஒட்டினால் போலி என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. தொடரின் கலைப் பிரிவு செலவைக் குறைக்க அதே கடைச் சில்லை வாங்கி, மேலே பெயர் அச்சிட்ட தாளை ஒட்டிப் பயன்படுத்தியிருக்கலாம். கேமராவுக்கு அது போதும். ஆக, தரம் குறைந்த சில்லு உண்மையான அரங்கப் பொருளாக இருக்கக் கூடும். மிக நேர்த்தியான சில்லு ரசிகர் ஒருவர் பணம் செலவழித்துச் செய்த நகலாக இருக்கக் கூடும். உண்மைக் கேசினோ சில்லில் பழகிய கண், அரங்கப் பொருளில் ஏமாறும் இடம் இதுதான்.

தயாரிப்பாளரின் அச்சு அடையாளத்தையும் பார்ப்பார்கள். பால்சன் நிறுவனத்தின் சில்லுகளில் விளிம்பைச் சுற்றித் தொப்பியும் கைத்தடியும் புடைத்திருக்கும். அதைக் காட்டி “கேசினோ தரம், ஆகவே அசல்” என்று விற்பவர்கள் உண்டு. ஆனால் அதே அச்சில் வீட்டு ஆட்டத்துக்கான சில்லுகளும் விற்கப்பட்டிருக்கின்றன. பழைய சில்லின் நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் சீட்டாட்ட ஆர்வலர்களிடம் இருக்கிறது. உடல் பழையது, முகம் புதியது. உடல் தேய்ந்து, விளிம்பு மழுங்கியிருக்கும்போது நடுவிலுள்ள தாள் மட்டும் பளபளத்தால் கேள்வி கேட்க வேண்டும்.

தேய்மானத்தையும் யோசித்துப் பாருங்கள். உண்மைக் கேசினோ சில்லு ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் கை மாறுகிறது. அரங்கத்துச் சில்லு படப்பிடிப்பு நாள்களில் மட்டும் வெளியே வருகிறது. அதனால் அது மிகவும் தேய்ந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். பயன்பாட்டில் விழுந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் நினைவுக்கு வர வேண்டும்.

திரையோடு ஒப்பிடுவது

அடுத்து, தொடரையே எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. இது நல்ல வழி. பெயரின் எழுத்து வடிவம், நிறம், ஓரப் பட்டைகளின் எண்ணிக்கை, தொகை எழுதியிருக்கும் இடம் ஆகியவை திரையில் தெரிவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் விற்பவரிடம் விளக்கம் கேட்கலாம்.

எந்தப் பருவம் என்பதையும் கேட்க வேண்டும். “லாஸ் வேகாஸ்” தொடரின் கதைப்படி 2-ஆம் பருவத்தின் இறுதியில் மான்டெசிட்டோ இடிக்கப்பட்டு, 3-ஆம் பருவத்தில் புதிதாகக் கட்டப்பட்டதாக வரும். “அந்தத் தொடரில் வந்தது” என்று பொதுவாகச் சொல்வது போதாது. பழைய மான்டெசிட்டோவா, புதியதா? அதே கேசினோ, “கிராஸிங் ஜோர்டன்” தொடரோடு இணைந்த கதைகளிலும் வருகிறது. எந்தத் தொடரின் எந்த அத்தியாயம் என்று சொல்ல முடியாதவர், “திரையில் வந்தது” என்று சொல்லவும் கூடாது.

ஆனால் “இதே சில்லுதான் அது” என்று நிரூபிப்பது வேறு விஷயம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய தெளிவான எச்டி படத்தின் அகலம் 1,920 புள்ளிகள். மேசை முழுவதும் தெரியும் காட்சியில் திரையின் அகலம் 2 மீட்டரைக் காட்டுகிறது என்றால், 39 மில்லிமீட்டர் சில்லுக்குக் கிடைப்பது சுமார் 37 புள்ளிகள். சில்லில் உள்ள 1 மில்லிமீட்டர் கீறலுக்கு ஒரு புள்ளிகூட முழுதாகக் கிடைக்காது. பழைய டிவிடியின் அகலம் 720 புள்ளிகள் என்பதால் அதில் சில்லு முழுவதுமே 14 புள்ளிகள்தான். கீறல் தெரியவே தெரியாது.

20 சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் காட்டும் நெருக்கக் காட்சியாக இருந்தால் நிலைமை மாறும். எச்டி படத்தில் சில்லுக்கு 374 புள்ளிகள் வரை கிடைக்கும். 1 மில்லிமீட்டர் கீறலுக்கு 9 அல்லது 10 புள்ளிகள். அப்போது நடுவட்டம் சற்று ஒருபக்கம் சாய்ந்திருப்பதையோ விளிம்பில் சிறு சில் பெயர்ந்திருப்பதையோ அடையாளம் காணலாம். அத்தகைய நெருக்கக் காட்சி எத்தனை முறை வருகிறது, அதில் வந்த சில்லு நூற்றுக்கணக்கில் இதுவாகத்தான் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நீங்களே யோசிக்கலாம். “திரையோடு பொருத்திக் காட்டப்பட்ட சில்லு” என்று ஒருவர் சொன்னால், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லுக்குரிய விலையைக் கொடுக்க வேண்டாம்.

சான்றிதழை யார் சோதிப்பது?

இப்போது அந்தப் பொன்முத்திரைக்கு வருவோம். சான்றிதழ் என்பது ஒரு காகிதம். அதைத் தருவதற்கு எவருக்கும் உரிமம் தேவையில்லை. சில்லை அச்சிடத் தெரிந்தவருக்குச் சான்றிதழை அச்சிடுவது அதைவிட எளிது. ஆகவே கேட்க வேண்டியது, கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான். விற்பவரே தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழுக்கு மதிப்பு இல்லை.

மதிப்புள்ள ஆவணங்கள் வேறு விதமாக இருக்கும். தயாரிப்பு நிறுவனம் தொடர் முடிந்ததும் பொருள்களை விற்றிருந்தால் அதன் ரசீது, ஏலத்தில் விற்றிருந்தால் ஏலப் பட்டியல் எண், அரங்கப் பொருள் வாடகை நிறுவனத்தின் இருப்புக் குறிச்சீட்டு, கலைப் பிரிவில் வேலை செய்தவர் கொடுத்திருந்தால் அவருடைய பெயர் அந்தத் தொடரின் பணியாளர் பட்டியலில் இருப்பது. 2013-இல் “பிரேக்கிங் பேட்” தொடர் முடிந்தபோது அதன் பொருள்கள் அதிகாரபூர்வமாக இணையத்தில் ஏலம் விடப்பட்டன. அப்படி ஓர் ஏலத்தில் வாங்கியதாகச் சொல்லப்படும் பொருளை, ஏலப் பட்டியலோடு வைத்து எவரும் சரிபார்க்கலாம்.

அங்கிருந்து உங்கள் கைக்கு வரும் வரை இடையில் யார் யார் வைத்திருந்தார்கள் என்ற வரிசையும் வேண்டும். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் பார்ப்பதில்லையா? அதே போலத்தான். ஒரு கண்ணி அறுந்திருந்தால், அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் வெறும் பேச்சு.

ஆவணத்தையும் பொருளைப் போலவே கூர்ந்து பார்க்க வேண்டும். பாகிஸ்தானில் 2017-இல் அப்போதைய பிரதமர் குடும்பத்தின் சொத்து விசாரணையில் 2006-ஆம் ஆண்டு தேதியிட்ட ஆவணங்கள் தாக்கல் செய்யப்பட்டன. அவை கலிப்ரி என்ற கணினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு 2007-இல்தான் பொதுச் சந்தைக்கு வந்தது என்பதை விசாரணைக் குழு நியமித்த நிபுணர் சுட்டிக்காட்டினார். அது உலகச் செய்தியாயிற்று. 2004-இல் வழங்கியதாகச் சொல்லும் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்தால் அதன் எழுத்துருவைப் பாருங்கள். தொலைபேசி எண், இணைய முகவரி, நிறுவனத்தின் பெயர் ஆகியவை அந்த ஆண்டில் இருந்தவையா என்றும் பாருங்கள்.

நடிகரின் கையெழுத்து இருந்தால்? கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும், அவர் ஒரு சில்லில் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டுமே அது காட்டும். அந்தச் சில்லு அரங்கத்தில் இருந்தது என்பதைக் காட்டாது. ரசிகர் நகலை நீட்டினாலும் நடிகர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

பணம் கட்டுவதற்கு முன்

இவற்றைச் சுருக்கினால் விற்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் கிடைக்கும்.

1. எந்தத் தொடர், எந்தப் பருவம், எந்த அத்தியாயம்?

2. தயாரிப்புக்காகச் செய்ததா, திரையில் பயன்படுத்தியதா, திரையோடு பொருத்திக் காட்டியதா?

3. படப்பிடிப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் யார்? அதற்கு எழுத்து மூல ஆதாரம் என்ன?

4. சில்லின் இரு பக்கமும், விளிம்பும், எடைத் தராசில் வைத்ததும் தெளிவான படங்களாகக் கிடைக்குமா?

5. சொன்னபடி இல்லையென்றால் பணம் திரும்புமா? அதை எழுத்தில் தருவாரா?

நேர்மையான வியாபாரி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சிலவற்றுக்கு “தெரியாது” என்றும் சொல்வார். அந்தத் “தெரியாது” ஒரு நல்ல அறிகுறி. எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருந்து, “இன்னொருவர் கேட்டுவிட்டார், இன்றைக்கே பணம் போடுங்கள்” என்று அவசரப்படுத்துகிறவரிடமிருந்து விலகிக்கொள்ளலாம்.

தெரிந்தவரின் புலனக் குழுவில் வந்த விளம்பரம் என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். பகிர்ந்தவர் நம் உறவினராக இருக்கலாம், விற்பவர் யார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாமல், வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தரும் இணையத் தளத்தின் வழியே செலுத்துவது நல்லது. விளம்பரத்தையும் உரையாடலையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். “அசல்” என்று அவர் எழுதியது பின்னால் உங்களுக்குச் சாட்சி.

மலேசியாவில் வணிகரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இணைய மோசடியில் பணத்தை இழந்துவிட்டதாகத் தெரிந்த உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடிப் புகார் மையத்தின் எண்ணையும் அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் மோசடி தொடர்பான உதவி எண் 1799. அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இவை எதுவும் எளிதில் கைகொடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிடித்திருந்தால் வாங்கலாம், பெயரைச் சொல்லி வாங்குவோம்

இவ்வளவு சோதனை செய்துதான் ஒரு சில்லை வாங்க வேண்டுமா என்று கேட்கலாம். அது நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிடித்த தொடரின் நினைவாக மேசையில் வைக்க ஒரு சில்லு போதும் என்றால், நகல் என்று சொல்லி விற்கப்படும் சில்லை அதற்குரிய குறைந்த விலையில் வாங்கி மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நகலுக்கு அசலின் விலையைக் கொடுத்து, “பிற்காலத்தில் விலை ஏறும்” என்று பெட்டியில் பூட்டி வைப்பதுதான் இழப்பு. அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் திறந்து விற்கப் போகும் நாளில்தான் உண்மை தெரியவரும். அப்போது கேள்வி கேட்க விற்றவரும் இருக்க மாட்டார், வாங்கியவரும் இருக்க மாட்டார்.

சில்லு மட்டுமல்ல. பழைய நீரிணைக் குடியேற்ற நாணயம், நடிகர் அணிந்ததாகச் சொல்லும் சட்டை, மூடப்பட்ட தோட்டத்தின் மணி என்று கதையோடு வரும் பொருள்கள் நம்மைச் சுற்றி நிறையவே விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்கும் இதே கேள்விகள்தான். வாங்கிய பிறகு, ரசீது, படம், விற்றவரின் பெயர், வாங்கிய தேதி ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுப் பொருளோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைக் கையில் எடுப்பவருக்கு அந்த உறைதான் சான்றிதழ்.